பதினான்காவது தொழுகையாளி

யுத்தம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. பாண்டிருப்பிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டுப் படலையடியில் இறங்கினார். செல்லத்தங்கம் என்று பெயர் சொன்னார். கையில் நாலரை வருடம் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்று, லெமினேற் செய்தபடி இருந்தது. எங்கள் பகுதியில் அடையாள அட்டைக்கும் சுனாமி வீட்டுக் கடிதத்துக்கும் மட்டுமே அந்த மரியாதை உண்டு. நான் எழுதிய செய்தி ஒன்றுக்கு அது கிடைத்திருப்பதைப் பார்த்ததும் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

“கல்முனை நிருபர் எண்டு போட்டிரிக்கிறது நீங்களா தம்பி?”

“ஓம் அக்கா.”

“வயசான ஆளாக்கும் எண்டு நினைச்சன்.”

“எழுத்து அப்பிடி.”

அவர் சிரிக்கவில்லை. துண்டை நீட்டினார். “இதுல பதினாலு முஸ்லிம்கள் எண்டு இரிக்கி. அதுல ஒராள் எங்கட அவர்.”

வாங்கி வாசித்தேன். ‘கல்முனை தோணாவடிப் பள்ளிவாசலில் தொழுகையில் ஈடுபட்டிருந்த 14 முஸ்லிம்கள் கடற்கோளில் சிக்கி ஷஹீதாகினர். ஜனாஸாக்கள் அன்று மாலையே நல்லடக்கம் செய்யப்பட்டன.’ இரண்டே வசனம், ‘ஷஹீது’ என்ற தியாகிப் பட்டம் உட்பட. கீழே ‘கல்முனை நிருபர்’.

கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னார். அவருடைய கணவர் பாக்கியராசா, கரண்ட் வேலைக்காரர். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோணாவடிப் பள்ளியில் தண்ணீர் மோட்டார் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழுக்குப் போனபோது கிராம சேவகர் இந்தப் பத்திரிகையைத்தான் எடுத்துக் காட்டினாராம். பதினாலு பேரும் முஸ்லிம்கள் என்று போட்டிருக்கிறது, உங்கள் ஆள் எங்கே என்று. அந்த வருடம் புலிகள் இயக்கம் இரண்டாகப் பிரிந்திருந்தது. தமிழ் ஊர்களில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பாக்கியராசாவும் ‘உள்ளே’ போயிருப்பார் என்று யாரோ கிராம சேவகரின் காதில் போட்டுவிட்டார்கள். ஆகவே, கடதாசியில் அவர் ‘காணாமல் போனவர்’ ஆனார்.

நாலரை வருடம் அந்தச் சொல் ஒரு கோப்புக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. யுத்தம் முடிந்ததும் எழும்பிவிட்டது. மகன் பவிதரனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது. பொலிஸ் றிப்போட் வேண்டும். கேட்கப் போன பையனிடம், தகப்பன் காணாமல் போனவரா, எந்தக் காட்டில் காணாமல் போனார், எந்த முகாமில் இருக்கிறார் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். செத்ததற்கு அத்தாட்சி கொண்டுவரும் வரைக்கும் திங்கட்கிழமை தோறும் வந்து கையெழுத்து வை என்றும் சொல்லிவிட்டார்கள்.

“போன திங்கள் மூண்டு மணித்தியாலம் உள்ளுக்க வெச்சிரிந்தாங்க,” என்றார். “அடுத்த திங்கள் எவ்வளவு நேரமோ தெரியா. கொழும்பு ஏஜென்சி முப்பத்தோராம் திகதிவரைக்கும்தான் பாத்துக்கொண்டிருக்குமாம். நீங்க எழுதினத நீங்கதான் மாத்தித் தரணும் தம்பி.”

நான் எழுதியதை முழுதாக நான் எழுதவில்லை என்பது வாய்வரை வந்தது. அது கொஞ்சம் நீளமான கதை.

சுனாமியின்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். பெறுபேற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். பழைய நிருபர் வீட்டையும் சைக்கிளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு மருதானையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் தொலைபேசி வேலை செய்தது. அந்தத் தகுதி ஒன்றுக்காகவே நான் நிருபரானேன். கம்பஸுக்குப் போனபிறகும் லீவில் வரும்போதெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

கொழும்பில் செய்தி மேசையில் இருந்தவர் கனகரெத்தினம் ஐயா. திருக்கோவில்காரர், ஊரைவிட்டுப் போய் முப்பது வருடம். அவருடைய மேசையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. கோயிலில் கூடுகிறவர்கள் பக்தர்கள். அவர்கள் அலைகடலெனத் திரள்வார்கள். சுனாமிக்குப் பிறகு ஆறு மாதம் அலைகடலை விட்டுவிட்டுச் சும்மா வந்தார்கள், பிறகு பழையபடி திரண்டார்கள். தேவாலயத்தில் கூடினால் விசுவாசிகள். விகாரையில் கூடினால் பௌத்த பெருமக்கள். எங்கள் ஆட்கள் எங்கே கூடினாலும் முஸ்லிம்கள். சந்தையில் சூடை மீன் வாங்கினாலும் முஸ்லிம், பஸ்ஸில் அடிபட்டாலும் முஸ்லிம். அந்த முஸ்லிம் பள்ளிவாசலுக்குள் காலை வைத்துவிட்டால் அவருக்கு ஒரேயொரு வேலைதான்: தொழுகையில் ஈடுபடுவது. பள்ளிவாசலுக்குள் ஒருவர் மின்விசிறிக்குக் கீழே தூங்கலாம், பேப்பர் வாசிக்கலாம், மருமகனைப் பற்றி முறைப்பாடு சொல்லலாம் என்பதெல்லாம் கொழும்புக்கு எட்டவில்லை.

அலை வந்தது காலை ஒன்பது மணியளவில். அந்த நேரத்தில் எந்தத் தொழுகையும் இல்லை என்பது எங்கள் ஊரில் ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரியும். சுபஹு முடிந்து மூன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது. லுஹருக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் கிடந்தது. ஆனாலும் செய்தி வந்த அன்று ஊரில் ஒருவரும் அது பிழை என்று சொல்லவில்லை. மௌத்தான உறவுக்காரரைப் பத்திரிகை தொழவைக்கிறது என்றால் யார் போய் அதை மறுக்கப்போகிறார்கள்?

நான் அனுப்பிய செய்தியில் ‘பள்ளிவாசலில் இருந்த 14 பேர்’ என்றுதான் இருந்தது. அவர்களைத் தொழுகைக்கு எழுப்பிவிட்டது கனகரெத்தினம் ஐயா. அதைச் சொல்லி நான் தப்பலாம்தான். ஆனால் மையவாடியில் புதிதாக மண் போட்ட கபுறுகளை மட்டும் எண்ணிவிட்டு, ஒருவருடைய பேரையும் கேட்காமல் ‘ஜனாஸாக்கள்’ என்று எழுதியவன் நான். பாக்கியராசாவை முஸ்லிமாக்க முஸ்லிம் பிரேதத்துக்கு மட்டுமே உரிய அந்த ஒரு சொல் போதும். மிச்ச வேலையைக் கொழும்பு பார்த்துக்கொண்டது.

“வாங்க அக்கா,” என்றேன். “பள்ளிச் செயலாளரப் பாப்பம்.”

தோணாவடிப் பள்ளியின் செயலாளர் ஆதம்பாவா ஹாஜியார். அறுபது தாண்டிய மனிசர். சுனாமியில் போன கட்டிடத்துக்குப் பதிலாக அரபு நாட்டுக் கொடையாளி ஒருவர் கட்டித் தந்த புதுப் பள்ளியில், அவருக்கு மின்விசிறியோடு ஓர் அறை இருந்தது. சுவரில் என்னுடைய செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பக்கத்தில் அதன் அரபு மொழிபெயர்ப்பு. அரபியில் வசனங்கள் இரண்டிலிருந்து ஆறாக வளர்ந்திருந்தன. நான் அரபியிலும் எழுதுவேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

செல்லத்தங்கம் நேரடியாகவே கேட்டார். “அண்டைக்கு நீங்கதானே ஹாஜியார் அவருக்கு ஆள் அனுப்பினது?”

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “வரச் சொன்னது மெய் தங்கச்சி. வந்தாரா எண்டு நான் காணல்ல.”

“சுனாமிக்கு அடுத்த தை மாசமே வந்து கேட்டன். தெரியாது எண்டீங்க.”

“காணாதத தெரியாது எண்டுதானே சொல்லணும்.”

நான் இடையில் புகுந்தேன். “ஹாஜியார், ஒம்பது மணிக்குத் தொழுகை இல்லயே. அவங்க என்ன செஞ்சிக்கிட்டு இரிந்தாங்க?”

“ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். நீங்க சொன்னா எழுதலாம்.”

அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கந்தூரிக் கூட்டம். ஊருக்கே விருந்து வைக்கிற வருடாந்தக் கந்தூரிச் சோறு பற்றிப் பேச, இவரைத் தவிரப் பதின்மூன்று பேர் பள்ளிக்குள் கூடியிருந்தார்கள். இவர் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு வந்ததால் எடுத்துவர வீட்டுக்குப் போனார். வீடு பிரதான வீதிக்கு மேற்கே. அலை அங்கே முழங்காலளவுதான் வந்தது.

“அப்ப பதின்மூணு பேர்தானே,” என்றார் செல்லத்தங்கம். “பதினாலாவது ஆள் ஆரு?”

“பாங்கு சொல்ற மோதினாராக்கும் எண்டு நினைச்சம்.”

“மோதினார் அந்தப் பதின்மூணுக்குள்ள இல்லயா?”

“இரிக்கிறார்.”

ஹாஜியார் எழும்பி மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு ஹாஜியார் சுவரைக் காட்டினார். “தங்கச்சி, தொழுத இடத்துல ஷஹீதானவங்க எண்டுதான் இந்தக் கட்டிடமே வந்தது. இப்ப நானே அவங்க தொழல்ல எண்டு எழுதித் தாறதா? அதோட, நாளைக்கு ஒங்கட ஊராக்கள் வந்து எங்கட மனிசனத் தோண்டித் தாங்க எண்டா ஊர் ரெண்டாகிரும்.”

“எனக்கு ஆள் வேணாம் ஹாஜியார். அவர் அங்கயே கிடக்கட்டும். எனக்குக் கடதாசிதான் வேணும்.”

“அவர்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

அது நியாயமான கேள்வி. பதிலும் அவரிடமிருந்தே வந்தது. அன்று ஊரில் நடக்கக்கூடிய ஆட்கள் எல்லாம் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டு திரிந்தார்களாம். அடக்குகிற வேலையைப் பார்த்தது சவளக்கடையிலிருந்து உழவு மெஷின் பெட்டியோடு வந்த அபுல் ஹஸன் என்ற வயல்காரர். அவர் இந்த ஊர் ஆட்களின் முகம் தெரியாதவர். “அவருக்கிட்ட கேளுங்க. அவர் ஓம் எண்டா பாப்பம்,” என்றார் ஹாஜியார். ‘பாப்பம்’ என்பது எங்கள் பகுதியில் ‘இல்லை’ என்பதற்கு மரியாதையான சொல்.

அடுத்த நாள் சவளக்கடைக்குப் போனோம். அபுல் ஹஸன் வயலுக்குள் நின்று வக்கடையை வெட்டித் தண்ணீரை அடுத்த வரவைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வரம்பில் குந்திக்கொண்டு கேட்டோம். அவர் மண்வெட்டியை நட்டுவிட்டு யோசித்தார்.

“பதினாலு பேர் சரி. எல்லாரும் சாரன் உடுத்தவங்க. ஒராள்ர சாரன்ல பள்ளிர பேரும் ‘வக்பு’ எண்டும் மையால அடிச்சிரிந்திச்சி. பள்ளிச் சாமான்தானே, பள்ளி மனிசன்தான் எண்டு நினைச்சன்.”

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பள்ளிகளில் ஒரு வழக்கம். முழங்கால் தெரிகிற மாதிரி யாராவது வந்தால் மோதினார் உள்ளே விடமாட்டார். கொடியில் தொங்குகிற பள்ளிச் சாரன் ஒன்றை எடுத்து உடுக்கக் கொடுப்பார். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக அதில் பள்ளியின் பெயர் பெரிதாக அடிக்கப்பட்டிருக்கும்.

“அவர் கட்டைக் களுசானோடதான் போனவர்,” என்றார் செல்லத்தங்கம்.

“ஓம். சாரனுக்குள்ள களுசான் இரிந்திச்சி. எனக்கும் அது புதினமாத்தான் இரிந்த. மறுகா இன்னொண்டு.” அபுல் ஹஸன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். “எங்கட ஆக்கள் பெல்ட்டு கட்டுவாங்க. அவர் வயர் கட்டியிரிந்தார். செவத்த வயர். இறுக்கி முறுக்கி உட்டிரிந்தார். கடல் எல்லார்ர உடுப்பையும் பிச்சிரிந்திச்சி, அவர்ர சாரன் மட்டும் அசையல்ல.”

செல்லத்தங்கம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏணியில ஏறக்க சாரன் தடக்கும் எண்டு கட்டியிரிப்பார்,” என்றார். “வீட்டுல கொடிக்கயிறும் வயர்தான். நாய் கட்டினதும் வயர்தான்.”

“அண்டைக்குக் குளிப்பாட்ட ஏலாமப் போச்சி, ஷஹீதுதானே, உடுத்த உடுப்போட இரிக்கட்டும் எண்டம். அதனால ஒண்டையும் கழட்டல்ல. யாசீன் ஓதித்தான் அடக்கினம் தங்கச்சி.” மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “பிழையாப் போச்சா?”

“ஓதினதுல என்ன பிழை, காக்கா.”

திரும்பி வந்து ஹாஜியாரிடம் சொன்னோம்; இப்போது அவரிடம் அத்தாட்சி இருந்தது. ஹாஜியார், கமிட்டி கூடவேண்டும் என்றார். கமிட்டி எப்போது கூடும் என்று கேட்டோம். நோன்புக்குப் பிறகு என்றார். நோன்பு தொடங்கவே இன்னும் ஒரு மாதம் கிடந்தது.

ஆகவே நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு நாலு வரி போட்டால் போதும் என்றேன்.

“திருத்தமா?” என்றார் கனகரெத்தினம் ஐயா. “கடைசியா எப்ப திருத்தம் போட்டம் தெரியுமா? அமைச்சர் ஒராளுக்கு ‘கௌரவ’ போட மறந்துட்டம், அதுக்கு. அஞ்சு வருஷத்துக்குப் பிறகு செத்தவர் முஸ்லிம் இல்ல, தமிழர் எண்டு போட்டா, ரெண்டு பக்கமும் எங்களுக்கு அடிக்கும்.”

“ஐயா, அந்தப் பொடியன் ஒவ்வொரு திங்களும் பொலிஸுல போய் நிக்கிறான்.”

அந்தப் பக்கம் பேனா தட்டுகிற சத்தம் கேட்டது. “சரி. திருத்தமா வேணாம். இப்ப எல்லாரும் நல்லிணக்கம் தேடித் திரியிற நேரம். பள்ளியில ஒரு தமிழர், ஓதி அடக்கின முஸ்லிம்கள், நல்ல விசயம். ஒரு கட்டுரையா அனுப்பு.”

அனுப்பினேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதினேன். தண்ணீர் மோட்டார் திருத்த வந்தவர் என்று இரண்டு இடத்தில் எழுதினேன். தொழுகை நேரமில்லை என்று ஓர் இடத்தில் எழுதினேன். பக்தர், விசுவாசி, பெருமக்கள் ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்தில் வந்தது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். கைகள் எங்கள் பகுதிக் கைகள் மாதிரி இல்லை. தலைப்பு: ‘பள்ளிவாசலில் இறைவழிபாட்டில் ஈடுபட்டிருந்த வேளை உயிர்நீத்த இந்து பக்தர்.’

மோட்டார் இரண்டு இடத்திலும் இல்லை.

தொலைபேசியில் கேட்டேன். “மோட்டார் திருத்தினவர் எண்டா தலைப்புக்கு எடுபடாது தம்பி,” என்றார். “பள்ளிக்குள்ள இரிந்த ஆள், வேற என்ன செஞ்சிரிப்பார்?”

பவிதரன் அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை பொலிஸுக்குப் போனான். காலை ஒன்பது மணிக்குப் போனவனைப் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் விட்டார்கள். யாரோ தலைப்பைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பிறகு கேள்விகள் நீண்டன. இந்து பள்ளியில் ஏன் வழிபடுகிறார்? மதம் மாறினவரா? பெயரும் மாறியதா? புதுப் பெயர் என்ன? அந்தப் பெயரில் இப்போது எங்கே இருக்கிறார்? முன்பு காணாமல் போனவராக மட்டும் இருந்த பாக்கியராசா, என் கட்டுரைக்குப் பிறகு வேறொரு பெயரில் நடமாடத் தொடங்கியிருந்தார்.

ஊர்களும் சும்மா இருக்கவில்லை. பாண்டிருப்பில் ஒரு பெரியம்மா செல்லத்தங்கத்தின் வீடு தேடி வந்து, “உண்மையச் சொல்லுகா, அவர் ஒளிச்சி வெச்சித் தொப்பி போட்டவரா?” என்று கேட்டாராம். “கோயிலுக்கே தீ மிதிப்பு அண்டைக்கு மட்டும்தான் வருவார், அதுவும் லைட்டுக் கட்ட,” என்று இவர் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் ஹாஜியாரிடம் போய், பள்ளிக்குள் அந்த ஆள் சிலை ஏதும் வைத்து வணங்கினாரா என்று விசாரித்திருக்கிறார்கள். ஹாஜியார் அவர்களை விரட்டிவிட்டார். ஆனால் அன்று அவர் அஸர்த் தொழுகைக்குப் பிறகு யாருடனும் கதைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை செல்லத்தங்கம் திரும்பவும் வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.  “ஹாஜியார்ர வீட்டுக்குப் போவம்,” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாஜியார் முன் விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தார். எங்களுக்கும் தேத்தண்ணி வந்தது. செல்லத்தங்கம் கோப்பையைத் தொடவில்லை.

“இந்தத் தம்பி எழுதினா கொழும்புல மாத்திப் போடுறாங்க. நான் சொன்னா பொலிஸுல நம்புறாங்க இல்ல. நீங்க சொன்னா நம்புவாங்க.”

“நான் என்னத்தச் சொல்ல?”

“நடந்தத. கூட்டம் எண்டு. மோட்டார் எண்டு.”

அவர் தேத்தண்ணியை ஆற்றினார்.

“ஹாஜியார், ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. தொழுதவங்க இல்ல, கூட்டம் கூடினவங்க எண்டு சொன்னா அவங்கட மௌத்துக்கு மதிப்புக் குறைஞ்சிருமா?”

“இல்ல,” என்றார் ஹாஜியார். இந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. “தண்ணியில மௌத்தானவங்க ஷஹீதுதான். தொழுதாலும் ஒண்டு, சும்மா இரிந்தாலும் ஒண்டு.”

“அப்ப கட்டிடமா?”

“கட்டிடத்த ஆரும் திருப்பிக் கொண்டு போகேலாது.”

“மறுகா என்ன?”

ஹாஜியார் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ இத எழுதப்படாது,” என்றார். ஓம் என்றேன். (பிறகு, எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்து, அவரே எழுது என்றார்.)

“நான் கண்ணாடி எடுக்க வரல்ல. கண்ணாடி சேட்டுப் பக்கட்டுல இரிந்திச்சி. கந்தூரிச் சோறு மாட்டிறைச்சியா கோழியா எண்டு கதை வந்திச்சி. நான் மாடு எண்டன். என்ட தம்பி கோழி எண்டான். கதை பெருகி, வாப்பாட காணி வரைக்கும் போயிட்டு. இனி உன்ட முகத்துல முழிக்க மாட்டன் எண்டு சொல்லித்து எழும்பி வந்தன். வீட்டுப் படியில கால வைக்கக்க தண்ணி வந்திச்சி.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணாம் நாள் பேப்பர் வந்திச்சி. தொழுகையில இரிந்தாங்க எண்டு. எனக்கும் தெரியும் அது பொய் எண்டு. ஆனாலும் எத்தின தரம் வாசிச்சிரிப்பன் தெரியுமா? அந்தப் பேப்பர்ல என்ட தம்பி சண்டை பிடிக்கல்ல. தொழுதுகிட்டு இரிந்தான்.”

செய்தி மேசையில் யாருக்கும் அந்தச் செய்திக்கு இப்படி ஒரு பயன்பாடு இருக்கும் என்று தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

செல்லத்தங்கம் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். “அத நீங்க வெச்சிக்கோங்க ஹாஜியார். சுவத்துலயும் தொங்கட்டும். என்ட மனிசன மட்டும் அதுக்குள்ளால எடுத்துத் தாங்க.”

“ஒருத்தர எடுக்கப் போனா மத்தவங்களும் வெளிய வந்திருவாங்களே தங்கச்சி.”

“ஓம்,” என்றார் செல்லத்தங்கம். “வருவாங்க.”

ஹாஜியார் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு உள்ளே பார்த்து, நாளைக்கு வெள்ளைச் சேட்டை அழுத்தி வைக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பொலிஸ் நிலையத்துக்கு நாலு பேர் போனோம். அபுல் ஹஸன் சவளக்கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். சார்ஜன் ஐம்பது வயதுக்காரர், அனுராதபுரத்துப் பக்கம். தமிழ் கொஞ்சம் விளங்கும், எழுத வராது. நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். யாருடைய சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது எவ்வளவு சலிப்பான வேலை என்று அன்றுதான் கண்டேன்.

சார்ஜன் பத்திரிகையைத் தட்டினார். “இந்த ஆள் பள்ளியில் கும்பிட்டுக்கொண்டிருந்தாரா?”

“இல்ல,” என்றார் ஹாஜியார். “தண்ணி மோட்டார் திருத்தத்தான் வந்தவர். ஆள் அனுப்பிக் கூப்பிட்டது நான்.”

“மற்றப் பதின்மூன்று பேரும்? தொழுகையா?”

ஹாஜியார் சொன்னார்: “இல்ல. சண்டை.”

சார்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன சண்டை?”

“சோத்துக்கு மாடா கோழியா எண்டு.”

நான் மொழிபெயர்த்தேன். சார்ஜன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அதே வசனத்தைத் திரும்பவும் சொன்னேன். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினார்.

“என்ன முடிவாயிற்று?” என்று கேட்டார்.

“முடிவாகல்ல,” என்றார் ஹாஜியார்.

சார்ஜன் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். அபுல் ஹஸனிடம் சாரனைப் பற்றியும் வயரைப் பற்றியும் கேட்டார். வயரின் நிறத்தை இரண்டு தடவை கேட்டார். செல்லத்தங்கத்திடம் கணவரின் வயதைக் கேட்டார். பிறகு எழுதினார். எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் திருப்பினார். பெயர், பாக்கியராசா. மதம், இந்து. தொழில், மின்சார வேலை. இறந்த இடம், பள்ளிவாசல். அங்கே இருந்த காரணம், தண்ணீர் மோட்டார் திருத்துதல். அடக்கிய இடம், அதே பள்ளியின் மையவாடி. சாட்சிகள் இருவர். ஏழு வரி. நாலரை வருடமாகச் செய்தி மேசையால் முடியாமல் போனதை அவர் கால் மணித்தியாலத்தில் எழுதிவிட்டார். அவருக்கு மொழிநடை கிடையாது. அது பெரிய உதவியாக இருந்தது.

ஹாஜியார் கையெழுத்து வைத்தார். அபுல் ஹஸன் பேரை மட்டும் எழுதினார். செல்லத்தங்கம் எழுதுவதற்கு முன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“மகனைத் திங்கட்கிழமை வரச் சொல்லு,” என்றார் சார்ஜன். செல்லத்தங்கத்தின் முகம் மாறியதைக் கண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தானே சொன்னார்: “கையெழுத்து இல்ல. றிப்போட் எடுக்க.”

வெளியே வெயில் ஏறியிருந்தது. அபுல் ஹஸன், வயலுக்குத் தண்ணீர் முறை என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். ஹாஜியார் வேப்பமர நிழலில் நின்று தொப்பியைச் சரிசெய்தார்.

“இனி ஊருக்குள்ள கதைப்பாங்க,” என்றார். “தம்பியோட சண்டை பிடிச்சித்து வந்து உயிரோட இரிக்கிறவன் எண்டு.”

செல்லத்தங்கம் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டார். “அண்டைக்கு விடியக்க அவரும் என்னோட சண்டை பிடிச்சித்துத்தான் வெளிக்கிட்டவர், ஹாஜியார்.”

“என்னத்துக்கு?”

“ஞாயித்துக்கிழமையிலயும் வேலையா எண்டு கேட்டன். பள்ளியில தொழ முதல் கைகால் கழுவி ஒழுச் செய்யத் தண்ணி இல்லாம ஆக்கள் கஷ்டப்படுறாங்க எண்டார். உங்களுக்கென்ன, நீங்களா தொழப்போறீங்க எண்டு கேட்டன்.”

 செல்லத்தங்கம் ஏறி மிதித்தார். பவிதரனிடம் ஏஜென்சிக்கு இன்றைக்கே கோல் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று போகிறபோக்கில் சொன்னார்.